அறுபத்து மூன்றாவது நிமிடம்

ஜூலை 5

கால்பந்து லீக், முதல் ஆட்டம். 0-3.

மாலை நாலு மணி மைதானம் முதல் டிவிஷனுக்கு. இரண்டாம் டிவிஷன் ஆட்கள் மதியம் இரண்டு மணி வெயிலில் ஓட வேண்டும். கேலரியில் நாங்கள் பதினேழு பேர். அதில் மூன்று பேர் நிழலுக்காக வந்து தூங்கியவர்கள்.

இரும்பு வார்க்கும் கார்வெல் ஃபவுண்டரியை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அணியை மட்டும் மூடவில்லை. டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்த பெஞ்சமின் அங்கிள் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் ஜெர்சிகளையும் ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏற்றி இறக்கி, இன்னும் நடத்துகிறார். கம்பெனி இல்லாத கம்பெனி டீம். ஜெர்சி நெஞ்சில் உருக்குக் கரண்டி படம் மங்கிப்போய் சாம்பார் கரண்டி மாதிரி தெரிகிறது.

ஆட்டம் முடிந்ததும் அங்கிள் சொன்னார்: "பன்னெண்டு டீம், கடைசி ரெண்டு கீழ எறங்கும். மூணாவது டிவிஷன்ல போய் ஆட எனக்குத் தெம்பு இல்லம்மா. எறங்கினா பெட்டியப் பூட்டிடுவேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன," என்றார் தகரம் அப்பாதுரை. மோல்டிங் செக்‌ஷனில் இருந்தவர். எண்ணெய் டின் மூடியைத் தட்டித்தான் ஆட்டம் பார்ப்பார்.

"போன வருஷம் எனக்கு முட்டி வலி இல்ல."

இந்த முறை நிஜமாகத்தான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து 'கார்வெல் பதினொன்று' ஃபேஸ்புக் பக்கத்தில் ஸ்கோர் போட்டேன். 340 பேர் பின்தொடர்கிறார்கள். நடத்துவது நான், ஒரு பெண் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், மீதிப் பேர் இன்பாக்ஸுக்கு வருவார்கள்.

ஜூலை 9

காலை ஆறரைக்கு லேபுக்கு ரத்தம் எடுக்க ஃபவுண்டரி கார்டன்ஸ். நாலு வீடு. ஃபவுண்டரியை இடித்துக் கட்டிய பதினெட்டு மாடிக் கட்டடத்துக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கொன்றவன் வீட்டில் செத்தவன் போட்டோ.

கேட்டில் நைனாதான் டியூட்டி. பதினாறு வருடம் உலைக்கு முன்னால் நின்ற மனிதர், இப்போது அதே இடத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சில் 'ஏகாம்பரம்' என்ற பெயர்ப் பட்டையோடு கார்களுக்குச் சல்யூட் வைக்கிறார். வெளியாட்கள் யார் வந்தாலும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். நைனா சொந்த மகளின் பெயரையும் எழுதுவார். கேமரா இருக்கிறது.

"பேரு?"

"ஏன் நைனா, காலைல தோசை போட்டுக் குடுத்தேனே, மறந்துட்டியா?"

சிரிக்கவில்லை. குண்டு குண்டாக எழுதினார்: யசோதரா, லேப், பி பிளாக். நான் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும். பி பிளாக் லிஃப்ட் இருக்கும் இடத்தில்தான் ஃபவுண்டரி மைதானத்தின் வடக்குப் பக்க கோல் போஸ்ட் இருந்தது. ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் யாரோ பந்தை வலைக்குள் தள்ளுவது மாதிரி இருக்கும்.

ஜூலை 12

1-1. ஒரு பாயிண்ட். கேலரியில் இருபத்தொரு பேர்.

ஜூலை 19

0-2. பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி கேட்டால் வாட்ச்மேன், "லேடீஸ் யாரும் வர்றதில்லையே" என்கிறான். என்னைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 20

ரேஷன் கடை. பாமாயில் வரவில்லை. அம்மாவின் ரவிக்கைக்குக் கொக்கி.

ஆகஸ்ட் 2

0-1. போன வாரம் 0-0. ஐந்து ஆட்டம், இரண்டு பாயிண்ட். கடைசிக்கு முந்தின இடம். எழுத ஒன்றுமில்லை, அதனால் பழசை எழுதுகிறேன்.

மூன்றரைக்குச் சங்கு ஊதும். முதல் ஷிஃப்ட் விட்டதும், முகத்தில் கரிமண் அப்பியபடியே ஆட்கள் மைதானத்துக்கு ஓடி வருவார்கள். குளித்துவிட்டு வந்தால் கோட்டோரம் இடம் கிடைக்காது. சுண்ணாம்புக் கோடு. காசிமேட்டில் பழைய மீன் வலை வாங்கி ஆட்டக்காரர்களே தைத்த கோல் வலை. புது வலை கட்டினால் ஒரு வாரம் கருவாட்டு வாசனை வரும். "எங்க கோல்கீப்பரு நெத்திலி பிடிக்கிறாரு" என்று அப்பாதுரை கத்துவார். இடைவேளையில் உப்பு தடவிய எலுமிச்சைத் துண்டு. நான் ஒன்றைத் திருடி வாயில் அடக்கிக்கொண்டு, நைனா இடது ஓரத்தில் ஓடுவதைப் பார்ப்பேன். பதினொன்றாம் நம்பர். பந்து அவர் காலுக்கு வந்தால் எழுநூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது கேட்கும்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போனதும் நானும் குவார்ட்டர்ஸ் பையன்களும் ஆடுவோம். எனக்கும் இடது கால்தான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஃபவுண்டரியை மூடினார்கள். அதே வருடம் நான் பெரியவளானேன். அம்மா என் ஷூவைப் பரண்மேல் போட்டாள். எது எதனால் முடிந்தது என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நைனா அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூடப் பார்க்க வந்ததில்லை. நான் பன்னிரண்டு வருடமாக ஒன்றுகூட விட்டதில்லை.

ஆகஸ்ட் 4

அலமாரியைச் சுத்தம் செய்தேன். நைனா பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கும் பேப்பர் துண்டு மறுபடி கண்ணில் பட்டது. 1994, தொழிற்சாலைகள் கோப்பை இறுதி ஆட்டம். "எழுபத்தோராவது நிமிடத்தில் வி. வரதராஜன் இடது காலால் அடித்த அபாரமான கோல்." படத்தில் வரதராஜன் நடுவில் கோப்பையோடு நிற்கிறார். ஓரத்தில், லுங்கியும் பனியனுமாக, எலுமிச்சைக் கூடையைப் பிடித்துக்கொண்டு நைனா. அப்போது அவர் கான்ட்ராக்ட். கம்பெனி டீமில் ஆட நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துத்தான் நிரந்தரம் ஆனார்.

தான் ஆடிய படம் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல், கூடை பிடித்த நாளின் படத்தை முப்பது வருடம் பாதுகாக்கிறார். கேட்டால், "வரதன் நல்ல சிநேகிதன்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். நம் ஆட்களுக்கு ஓரத்தில் நிற்பதிலும் ஒரு பெருமை.

ஆகஸ்ட் 9

0-0. ஆனால் பத்துப் பேரோடுதான் ஆரம்பித்தோம். லோகேஷ் வரவில்லை. கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை, லீவு கேட்டால் நாளையிலிருந்து வராதே என்கிறார்களாம். கண்ணெதிரில் அணி கரைகிறது. மூன்று பாயிண்ட்.

ஆகஸ்ட் 16

புது ஆள். டில்லிபாபு. லோகேஷின் சித்தப்பா மகன், இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேக்டரியில் பத்து மாதம் ஓட்டிவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்தது என்று போன வாரம் அனுப்பிவிட்டார்கள். இப்போது கேஸ் சிலிண்டர் தூக்குகிறான். ஆட்டக்காரர்கள் பதிவு ஜூனிலேயே முடிந்துவிட்டது. அதனால் லோகேஷின் அட்டையில் ஆடினான். ஸ்டாம்ப் அளவுப் படம், அதே தாடி, அதே மூக்கு. ரெஃப்ரி அட்டையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், போ என்றார்.

தப்பு. தெரியும். சிலிண்டர் தூக்குகிறவன் ஜூன் மாதம் வேலையில் மாட்டிக்கொண்டான் என்பதற்காக ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும் என்பதும் தப்பு. நான் இரண்டு தப்பையும் எழுதிவைத்துவிட்டு, முதல் தப்பைப் பார்த்துக் கைதட்டினேன்.

இடது கால். பந்தை நிறுத்தும்போது இடுப்பை ஒரு தினுசாக ஒடிக்கிறான். அப்பாதுரை டின்னைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா இது, உங்க நைனா ஓடுறாரு!"

1-0. ஜெயித்தோம்.

ஆகஸ்ட் 23

1-1. ஏழு பாயிண்ட். கோலுக்குப் பாஸ் கொடுத்தது டில்லி. ஃபேஸ்புக் பக்கத்தில் 'லோகேஷ்' என்று போட்டேன். கை கூசியது.

ஆகஸ்ட் 30

0-2. ஆட்டம் முடிந்து டில்லி கேலரிக்கு வந்து தண்ணீர் கேட்டான்.

"யக்கா, நீ ஏதோ நோட்டுல எழுதுறியாமே. அதுல என் பேரா, லோகேஷ் பேரா?"

"உன் பேருதான்."

"அது போதும் போ. ஃபேஸ்புக்ல எவனோ ஒரு பேஜ் வச்சிருக்கான். 'லோகேஷ் குடுத்த அற்புதமான பாஸ்'னு போட்டிருந்தான். எங்கம்மாகிட்ட காட்டுனேன். 'லோகேஷு நல்லா ஆடுறான்டா, நீயும் கத்துக்கோ'ன்னுது."

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகும் அந்தச் சிரிப்பு எனக்கு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பாக இல்லை.

செப்டம்பர் 6

0-1. இனி ஒரே ஆட்டம். எங்களுக்கு ஏழு பாயிண்ட். எதிரி ஸ்கைலைன் அகாடமி, எட்டு பாயிண்ட். ஜெயித்தால் நாங்கள் தப்பிப்போம், அவர்கள் இறங்குவார்கள். சமன் ஆனாலும் பெட்டிக்குப் பூட்டு.

ஸ்கைலைன் பையன்கள் ஏசி பஸ்ஸில் வருவார்கள். அவர்களுக்கு ஈரத்துண்டு கொடுக்கவே ஒரு ஆள் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய ரயில்வே காலனி கிளப்பின் இடத்தை வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். நாங்கள் பெட்டியைப் பூட்டினால் எங்கள் பெயரை வாங்கக்கூட யாரும் வர மாட்டார்கள்.

நைனாவிடம் சொன்னேன், கடைசி ஆட்டம், வா என்று. "நின்னு நின்னு கால் வலிக்குது," என்றார். "அங்க உக்காந்துதான் பார்க்கணும்," என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 13

1-0. 1-0. 1-0.

எப்படி எழுதுவது. அறுபத்து மூன்றாவது நிமிடம். எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து காற்றில் வளைந்து இடது ஓரம் வந்தது. டில்லி அதை நெஞ்சில் வாங்கி, இடுப்பை ஒடித்து, ஒருவனைக் கடந்தான். இன்னொருவன் சறுக்கி வந்தான். டில்லி நின்றான். சும்மா நின்றான். சறுக்கியவன் விளம்பரப் பலகை வரை போய்விட்டான். பிறகு இடது கால். பந்து தூரப் போஸ்ட்டில் உள்பக்கம் பட்டு, வலையில் இறங்கியது. பந்து உதைபடும்போதே டில்லி தங்கள் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றான், ஆஃப்சைட் என்று அவர்கள் கை தூக்கினார்கள். நான் கோட்டுக்கு நேராக நின்றேன். இல்லவே இல்லை.

அப்பாதுரையின் டின் மூடி இரண்டாகப் பிளந்தது. பெஞ்சமின் அங்கிள் பெட்டியின் மேல் ஏறி நின்று ஜெபம் செய்தார். மீதி நேரம் முழுக்க என் நகத்தைத் தின்றேன்.

விசில் அடித்ததும் எல்லோரும் கத்தினார்கள்: "லோகேஷ்! லோகேஷ்!" ரெஃப்ரி காதில் விழ வேண்டுமே. டில்லியும் கத்தினான், கையை உயர்த்தி, "லோகேஷ்!" என்று.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸிலேயே பக்கத்தில் பதிவு போட்டேன்.

செப்டம்பர் 14

பதிவுக்கு 212 லைக். இதுவரை இல்லாத அளவு. துணி துவைத்தேன். வீட்டில் இரண்டு பக்கெட் தண்ணீர்தான் இருந்தது.

செப்டம்பர் 16

ஸ்கைலைன் புகார் கொடுத்திருக்கிறது. ஆள்மாறாட்டம். நிரூபணமானால் எங்கள் மூன்று பாயிண்ட் அவர்களுக்கு. நாங்கள் இறங்குவோம். டில்லிக்கு இரண்டு வருடத் தடை.

ஆதாரம், ஃபேஸ்புக்கில் வந்த ஒரு பதிவின் நகலாம்.

செப்டம்பர் 17

எட்டு வீட்டில் ரத்தம் எடுத்தேன். ஒரு அம்மாளுக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. எனக்கு அப்படி ஆனதே இல்லை.

செப்டம்பர் 18

அங்கிள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆடியது தான்தான் என்று லோகேஷ் சத்தியம் செய்யத் தயார். அவன் அன்று யார்டில் இருந்தான் என்று யாராலும் காட்ட முடியாது. கான்ட்ராக்ட் ஆளுக்கு வருகைப் பதிவே கிடையாது. ஆள் இருந்தான் என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை. இந்த நாட்டில் அது ஒருமுறையாவது எங்களுக்கு உதவட்டும். எங்கள் ஆட்டத்தை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஆக மிச்சம் அந்தப் பதிவு மட்டும்தான். பக்கத்தை நடத்துகிறவர் இருபத்து நாலாம் தேதி வந்து விளக்கம் சொல்ல வேண்டும், வராவிட்டால் பதிவே சாட்சி என்று கால்பந்துக் கழகம் சொல்லிவிட்டது.

"எந்தப் பன்னாடைடா அது?" என்றார் அப்பாதுரை. "கைல கெடச்சான்னா டின்னுக்குப் பதிலா அவன் மண்டையத்தான் தட்டுவேன்."

டில்லி மூலையில் உட்கார்ந்திருந்தான். "எவனோ ஆசைல போட்டுட்டான் விடு தாத்தா," என்றான். "எங்கம்மா அத அஞ்சு தபா படிக்கச் சொல்லிச்சு."

நான் தேநீர் டம்ளர்களைக் கழுவினேன்.

செப்டம்பர் 19

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நான்தான் போட்டேன். "63வது நிமிடம். டில்லிபாபு. இடது கால்." என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. பஸ்ஸில் அந்த ஒரு நிமிடம், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். தன் கோலுக்குத் தானே இன்னொருவன் பெயரைக் கத்துகிறவனைப் பார்த்துவிட்டு என்னால் 'லோகேஷ்' என்று தட்ட முடியவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த அணியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 20

அங்கிளிடம் சொன்னேன். அவர் ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீயா?"

"ஆமா அங்கிள்."

"ஏன்மா?"

"அவன் அடிச்சான். அவன் பேரப் போட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். பெட்டியின் மேல் உட்கார்ந்து, மூடியைக் கையால் தடவினார். "இந்தப் பெட்டிக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல," என்றார்.

"நான் போய் தப்பா எழுதிட்டேன்னு சொல்றேன். ஆள் அடையாளம் தெரியலன்னு."

"பன்னெண்டு வருஷமா பாக்குறவ நீ. நம்புவாங்களா?"

"நான் பொண்ணு அங்கிள். உடனே நம்புவாங்க."

செப்டம்பர் 24

கழக அலுவலகம். மூன்று பேர். நடுவில் தலைவர், சந்தனப் பொட்டு. ஓரத்தில் ஸ்கைலைன் செயலாளர், வெள்ளை ஷூ. நான் தலையில் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

"பேஜ் நடத்துறது நீயாம்மா? நாங்க யாரோ பையன்னு நெனச்சோம்."

"சும்மா பொழுதுபோக்குக்கு சார்."

"கோல் அடிச்சது டில்லிபாபுன்னு போட்டிருக்கியே?"

"எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தாங்க சார். தூரத்துல எனக்கு ஆள் தெரியல."

வெள்ளை ஷூ எழுந்தார். "பொய் சார்! நிமிஷம் வரைக்கும் சரியா எழுதியிருக்கா. விஷயம் தெரிஞ்சவ."

தலைவர் என்னைப் பார்த்தார். "ஆஃப்சைட்னா என்னம்மா?"

எட்டு வயதில் எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு எனக்கு அது தெரியும். சொன்னேன்: "பந்து கோட்டத் தாண்டி வெளிய போறது சார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள் மாதிரியே சிரித்தார்கள். பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தி, "அந்த டில்லிபாபு யாரு? வேண்டியவரா?" என்றார்.

இதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. அவர்களே கதையைத் தயாரித்துத் தட்டில் வைத்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"புரிஞ்சுபோச்சு. விடுங்க சார்," என்றார் தலைவர் வெள்ளை ஷூவிடம். "ஆசைப்பட்ட பையன் பேருல ஒரு கோல் போட்டுருக்கு பொண்ணு. இதுக்கெல்லாம் புகாரா?" எனக்கு டீ வரவழைத்தார். பந்தெல்லாம் நமக்கெதுக்கு, பேஜை மூடிவிட்டுப் படிக்கிற வழியைப் பார் என்றார். நான் வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. சரி சார் என்றேன். பக்கத்தை அவர்கள் கண்முன்னே அழித்தேன். பன்னிரண்டு வருடக் கோல்கள்.

புகார் தள்ளுபடி. கார்வெல் இரண்டாம் டிவிஷனிலேயே இருக்கிறது.

வெளியே மரத்தடியில் டில்லி நின்றான். "யக்கா, உள்ள ரொம்பச் சிரிச்சாங்களே, இன்னா சொன்ன?"

"ஜோக் சொன்னேன்."

பூவை எடுத்து அவனிடம் கொடுத்து, உங்கம்மாவுக்கு வைத்துவிடு என்றேன்.

செப்டம்பர் 27

ஃபவுண்டரி கார்டன்ஸ். மூன்று வீடு. நைனா நோட்டைப் பிரித்தார். எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெஞ்சமின் வந்தான். எல்லாம் சொன்னான்."

நான் பையை மாற்றிப் பிடித்தேன்.

"ஆஃப்சைட் தெரியாதுன்னு சொன்னியாமே."

"ஆமா."

"சிரிச்சாங்களாமே."

"ஆமா நைனா, சிரிச்சாங்க. பேரை எழுது, லேட்டாகுது."

கேட்டுக்கு ஒரு கார் வந்தது. எழுந்து சல்யூட் வைத்தார், குறுக்குக் கம்பியைத் தூக்கினார், இறக்கினார், வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போது எங்கிருந்து அது வந்தது என்று தெரியவில்லை. டில்லி கையை உயர்த்தி லோகேஷ் என்று கத்தியதும், பெட்டிக்கு இது புதுசு இல்லை என்றதும், லுங்கியும் கூடையும், எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"நைனா, உன் சிநேகிதன் வரதன். அவருக்கு இடது காலா?"

நைனா பி பிளாக் பக்கம் பார்த்தார்.

"வரதனுக்கு எடது கால் பஸ் ஏறத்தான் ஒதவும்," என்றார்.

பிறகு சிரித்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. "அவன் அட்டைல நான் ஆடுனேன். விசில் அடிச்ச ஒடனே என் ஜெர்சியக் கழட்டி அவனுக்குப் போட்டுட்டாங்க. போட்டோக்காரன் வந்துட்டான்ல. என் கைல கூடையக் குடுத்தான் பெஞ்சமின். கூட்டத்துல நானும் கத்துனேன், வரதா வரதான்னு."

நோட்டில் என் பெயரை எழுதினார். லேப் என்று போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. "அடுத்த வருஷம் பதிவு எப்ப?"

"ஜூன்ல."

"அந்தப் பையன் பேர மொத நாளே குடுத்துருங்க. நானும் வரேன்."

லேப் என்று எழுதினார். நான் சர்வீஸ் லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியது.

பக்கம் போய்விட்டது. இனி இந்த நோட்டுதான். எனவே தெளிவாக எழுதுகிறேன்.

1994, இறுதி ஆட்டம், எழுபத்தோராவது நிமிடம்: ஏகாம்பரம். இடது கால்.

இந்த வருடம், கடைசி ஆட்டம், அறுபத்து மூன்றாவது நிமிடம்: டில்லிபாபு. இடது கால். ஆஃப்சைட் இல்லை. நான் கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன்.